துருப்பிடிக்காது என்று எழுதினீர்களே!

குண்டூசிப் பெட்டியின் மேல் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று அச்சடித்து விற்கிறவர்களே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துதான் போட்டீர்களா? எனக்கு வயிறு எரிகிறது. இரண்டரை மாதம் உட்கார்ந்து பின்னிய லேஸ் ஸ்கார்ஃப். வெண்ணெய் நிற மெரினோ கம்பளி. இன்று அதன் விளிம்பு நெடுக மிளகு மிளகாகப் பழுப்புக் கறை.

கம்பளியில் லேஸ் பின்னிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்னல் ஊசியிலிருந்து இறக்கியதும் அது சுருண்டு, துளையெல்லாம் மூடி, கசங்கிய துணி மாதிரிதான் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, ஃபோம் பாயில் விரித்து, இழுத்து இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். இதுதான் பிளாக்கிங். நனையும்போது கம்பளி இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். காயும்போது இழுத்து வைத்த வடிவத்திலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் துளை ஒவ்வொன்றும் கண் திறக்கும். என் ஸ்கார்ஃப் 130 சென்டிமீட்டரிலிருந்து 175-க்கு நீண்டது. விளிம்பில் அலை அலையாக வரும் வளைவு ஒவ்வொன்றின் நுனிக்கும் ஓர் ஊசி. முட்டி போட்டபடி இரண்டு மணி நேரம் குத்தினேன்.

அதாவது, இந்த ஊசிக்கு வேலையே ஈரக் கம்பளிக்குள் நிற்பதுதான். பிளாக்கிங் ஊசி என்று பேர் வைத்துத்தான் விற்கிறார்கள். அப்படியிருக்க, புகார் சொல்லப் போன் செய்தால் வந்த பதில்: “ஈரத்துல ரொம்ப நேரம் வைக்கக் கூடாதுங்க மேடம்.” போனைக் கீழே வைத்த பிறகும் கை நடுங்கியது. நான் இருப்பது குன்னூரில். மூடுபனி இறங்கினால் கம்பளி காய இரண்டு நாள் ஆகும். முழுசாகக் காயாமல் ஊசியை எடுத்தால் இழுத்ததெல்லாம் சுருங்கிப் போகும். வேறு என்ன செய்யச் சொல்கிறார்கள்?

மூன்றாம் நாள் காலையில் முதல் ஊசியைப் பிடுங்கினேன். துளையைச் சுற்றி மஞ்சள் கலந்த பழுப்பு வளையம். அடுத்ததிலும் அதே. ஊசியை நகத்தால் சுரண்டினால் பளபளப்பு உரிந்து வருகிறது. உள்ளே வெறும் இரும்பு, மேலே ஒரு மெல்லிய முலாம், அவ்வளவுதான். எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அதைத் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டும்.

எலுமிச்சைச் சாறு தொட்டுத் தொட்டு எடுத்தேன். கறை வெளிறியது, போகவில்லை. ப்ளீச் பக்கம் போகவே முடியாது, அது கம்பளி இழையையே அரித்துவிடும். அத்தையின் அறுபதாவது பிறந்தநாளுக்காகப் பின்னியது இது. குளிர்காலத்தில் விடியற்காலை கோயிலுக்குப் போகும்போது போர்த்திக்கொள்ளட்டும் என்று. ஊசிக்கான பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். அந்த இரண்டரை மாத ராத்திரிகளை யார் தருவது? ஒரு வரிசையில் ஒரு கண்ணி தவறினதற்காக எட்டு வரிசை பிரித்துத் திரும்பப் பின்னியிருக்கிறேன் நான். அவ்வளவு கவனத்தில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டியில் எழுதியவருக்கு இருந்திருக்கக் கூடாதா?

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் மோதிரத்துக்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய சால்வை பின்னியவர்கள், அதை மரச்சட்டத்தில் நூலால் கட்டி இழுத்துத்தான் காயவைத்தார்கள். அடுத்த முறை நானும் தச்சரிடம் சொல்லிச் சட்டம் செய்துகொள்ளப் போகிறேன்.

ஊசியே வாங்குகிறவர்கள் தயவுசெய்து காந்தத்தை வைத்துப் பார்த்து நம்பிவிடாதீர்கள், நல்ல துருப்பிடிக்காத எஃகிலும் சில வகை காந்தத்தில் ஒட்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியில் நாலு ஊசியைச் சுருட்டி இரண்டு ராத்திரி வையுங்கள். துணியில் கறை வந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள். கம்பளியில் மட்டும் குத்தாதீர்கள்.