தலைவர் வந்தால்தான் தெரு கண்ணில் படுமா?

மாதக்கணக்கில் மனு கொடுத்தும் மூடாத பள்ளம், பெரிய மனிதர் வருகிறார் என்றதும் ஒரே இரவில் மூடப்படுகிறது. அதுவும் அவர் கார் போகும் சாலையில் மட்டும். திருப்பம் வந்ததும் புதுத் தார் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடுகிறது. அடுத்த தெருவில் சாக்கடை வழிந்தபடியே கிடக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏழைகளை ஒளித்துவைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. 2017இல் அமெரிக்க அதிபர் டிரம்பின் மகள் இவாங்கா வருகிறார் என்று ஹைதராபாத்தில் பிச்சைக்காரர்களைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். 2020இல் அவருடைய தந்தை வந்தபோது அகமதாபாத்தில் குடிசைகளுக்கு முன்னால் சுவரே எழுப்பினார்கள். 2023 ஜி20 மாநாட்டுக்கு டெல்லியில் குடிசைகளை மறைத்துப் பச்சைத் துணி கட்டினார்கள். சுவர் கட்டப் பணம் இருக்கிறது, அதன் பின்னால் இருப்பவர்களுக்குக் கழிப்பறை கட்ட இல்லையா?

சான்று பெற்ற சாலையோர வியாபாரியை அகற்ற 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் வருகிறார் என்று லத்தியோடு வருகிறவர்கள் அரை மணி நேரமாவது தருகிறார்களா? தள்ளுவண்டியை லாரியில் ஏற்றுகிறார்கள். தராசு நசுங்குகிறது, தக்காளி நடுரோட்டில் உருள்கிறது. அன்று அவர் கட்ட வேண்டிய வட்டியை யார் கட்டுவார்கள்?