திருப்பம் மட்டும் காரணமில்லை

குழந்தை காணாமல் போகும் உளவியல் த்ரில்லர்களை எல்லோரும் கடைசித் திருப்பத்துக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

‘பிரிசனர்ஸ்’ (2013) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கப் பிடிக்கிறது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இரண்டு சிறுமிகள் காணாமல் போகிறார்கள். சந்தேகத்தில் பிடித்துப் போலீஸ் விடுவித்த இளைஞனை ஒரு சிறுமியின் அப்பா (ஹியூ ஜாக்மேன்) தானே கடத்தி அடைத்துவைத்து வதைக்கிறார். பலகை அடித்த மறைப்பில் சின்ன ஓட்டை, அதன் வழியே வீங்கிப்போன முகத்தில் ஒரு கண் மட்டும் தெரியும். பார்க்கவே முடியாது.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது இன்னொரு சிறுமியின் அம்மாதான். வயோலா டேவிஸ் அந்த இளைஞனை நேரில் பார்க்கிறார், மகள் எங்கே என்று கெஞ்சுகிறார். அப்புறம் கணவரிடம், வதைக்கும் அந்த அப்பாவுக்கு நாம் உதவவும் வேண்டாம், அவரைத் தடுக்கவும் வேண்டாம் என்கிறார். கோபமே இல்லாத குரல். ஒரு நல்ல குடும்பம் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்க்கத்தான் நான் இந்தப் படங்களிடம் போகிறேன். இயக்குநர் வில்னூவ் அதற்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டதில் எனக்குக் குறையே இல்லை. அடுத்த முறை இந்தப் பெற்றோர்களைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.