செம்பு அடித்தட்டு, அலுமினிய மூடி: வாட்டர் பிளாக் பற்றிப் பரவும் தவறான தகவல்

கணினியின் சூடாகும் சில்லின் மேல் பொருத்தி, உள்ளே நீரை ஓடவிட்டு அதைக் குளிர்விக்கும் உலோகப் பெட்டியான வாட்டர் பிளாக்கை வீட்டிலேயே செய்வது பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ‘அடித்தட்டு செம்பு, மூடி அலுமினியம், காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் அரிப்பே வராது, கசிந்தாலும் ஆபத்தில்லை’ என்கிறது. இது தவறு.

காய்ச்சி வடித்த நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மை. ஆனால் குழாய்க்குள் சுற்றத் தொடங்கியதும் உலோக அயனிகளும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் அதில் கரைகின்றன. பிறகு அது தூய நீரல்ல. மதர்போர்டில் சொட்டினால் ஷார்ட் ஆகலாம்.

அரிப்புதான் பெரிய சிக்கல். செம்பின் திட்ட மின்முனை அழுத்தம் (எலக்ட்ரான்களை ஏற்கும் நாட்டத்தின் அளவு) +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66. இரண்டும் ஒரே நீர்ச்சுற்றில் இருந்தால், இந்த மதிப்பு குறைந்த அலுமினியம் கரையும். அதிலிருந்து வரும் வெண்மையான கூழ், ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகிய நீர்ப்பள்ளங்களை அடைத்துவிடும். பிளஸ் டூ வேதியியல் பாடநூலின் மின்வேதியியல் பாடத்தில் இதைச் சரிபார்க்கலாம். குளிர்விப்புப் பாகங்களுடன் வரும் கையேடுகளும் இந்த இரு உலோகங்களையும் கலக்கக் கூடாது என்றே எச்சரிக்கின்றன.

மூடிக்கு அக்ரிலிக் தகடும் ரப்பர் வளையமும் போதும். சூடான நீரை ஆறவைக்கும் ரேடியேட்டரையும் கவனியுங்கள்: பழைய கார்களிலிருந்து கழற்றி விற்பவற்றில் பல அலுமினியமே. அரிப்புத் தடுப்பான் கலந்தால் வேகம் குறையும், நிற்காது.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.