குறிஞ்சியும் காக்கா ஆழியும்

"எண்ணூர்ல குந்திக்கினு கொடைக்கானல் பூவுக்கு இன்னாத்துக்குபா ஃபீல் பண்ற?"

டீக்கடையில் கூட்டாளி கேட்டான். போனில் 2018-ல் எடுத்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மலைச்சரிவு. இந்தப் பக்கம் வெயில் விழும் புல்வெளி, முழங்கால் உயரத்துக்கு நீலக்குறிஞ்சி. கோடு கிழித்த மாதிரி அந்தப் பக்கம் சீகை மரக் கூட்டம். உள்ளே போய்ப் பார்த்தேன். இருட்டு, சருகு, அவ்வளவுதான். குறிஞ்சி ஒன்றுகூட இல்லை. அதை யாரும் பிடுங்கிப் போடவில்லை.

12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டுவிட்டுச் செத்துப்போகிற புதர் அது. அடுத்த தலைமுறை மொத்தமும் அந்த விதையை நம்பித்தான். அதற்குள் சீகை ஏறி நிழல் கட்டிவிட்டால் கதை முடிந்தது. ஆஸ்திரேலிய மரம், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று மலை மலையாக நட்டார்கள். ('வாட்டில்' என்ற அதன் இங்கிலீஷ் பேரையே பெரியமேட்டுத் தோல் மண்டியில் இருந்த பெரியப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) வெட்டினாலும் விடாது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

2024-ல்தான் நீலக்குறிஞ்சியை உலக சிவப்புப் பட்டியலில் 'அழியக்கூடிய நிலை' என்று சேர்த்தார்கள். மொத்தம் 34 கூட்டம்தான் மிச்சம். அதில் ஒன்று நம்ம ஏற்காட்டில். தேயிலை, தைலமரம், சீகை என்று காரணங்களும் தெரிந்தவைதான். பறித்தால் அபராதம், ஜெயில் என்று சட்டமும் இருக்கிறது. நல்லது. ஆனால் பறிக்கிற கையைவிட மூடுகிற நிழல்தான் பெரிய எதிரி. 2030-ல் பூக்கும்போது போர்டும் போலீசும் வந்து நிற்கும். பூக்காத இந்த வருஷங்களில் சீகைக் கன்றைப் பிடுங்க ஆளும் கூலியும் வேண்டும். என் கோபமெல்லாம் இதில்தான்.

கூட்டாளிக்கு இதெல்லாம் ஏறவில்லை. "நம்ம ஆத்துல காக்கா ஆழி வந்துதே, அந்தக் கதைதான்டா" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தான்.

தென்னமெரிக்கச் சிப்பி. கப்பல் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்தது என்கிறார்கள். கொசஸ்தலைச் சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி அப்பிக்கிடக்கிறது. இறால் புதையச் சேறு இல்லை. பறிக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குக் கைக்கு ஓடுதான் சிக்குகிறது.

அவனும் ஆத்தில் இறங்குகிறவன். உள்ளங்கையில் காய்ந்த கீறல்களைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"அந்த சீகைய சின்னதா இருக்கசொல்லோ கையாலயே புடுங்கிடலாமா?"

"புடுங்கலாம்."

"அப்பறம் இன்னா?"