அத்தை கேட்ட ஒரே கேள்வி
சட்ட உதவித் தளங்களின் தோற்றத்தை மாற்றினால் மக்கள் தாங்களே வழக்குப் பதிந்துகொள்வார்கள் என்கிறது ஒரு கட்டுரை. தோற்றத்துக்கு முன்னால் மாற வேண்டியது வேறு.

மலேசியாவில், பினாங்கின் பிறையில் ஒரு கடையில் என் அத்தை அலமாரிக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டினார். அலமாரியும் வரவில்லை, பணமும் வரவில்லை. கைப்பேசியில் ஒரு தளத்தைத் திறந்து பார்த்தோம். சட்டப் பெயர்கள், போராங் (படிவ) எண்கள், பிடிஎஃப் கோப்புகள். "நான் எங்கப்பா போகணும்? அத மட்டும் சொல்லு" என்றார் அத்தை. முகப்பில் அதற்குத்தான் பதில் இல்லை.

பதில் சின்னதுதான். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம்: 50,000 வெள்ளி வரை, கட்டணம் 5 வெள்ளி, 3 ஆண்டுக்குள் போக வேண்டும். தெரிந்தவருக்குக் கொடுத்த கைமாற்று என்றால் அங்கே எடுக்கமாட்டார்கள். அதற்கு, 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை, போராங் 198. இரண்டுக்கும் வழக்கறிஞர் தேவையில்லை. "பணம் யாரிடம் சிக்கியிருக்கிறது, எவ்வளவு?" என்று முகப்பிலேயே கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

தமிழ் விளக்கமும் கட்டாயம் வேண்டும். அத்தை மலாய் நன்றாகப் பேசுவார். ஆனால் போராங்கில் 'பெனெந்தாங்' (எதிர்ப்பவர்; அங்கே எழுத வேண்டியது கடைக்காரர் பெயர்) என்ற சொல்லைப் பார்த்ததும், எதிர்ப்பவர் தான்தானே என்று அங்கே தன் பெயரை எழுதப் போனார். நல்லவேளை, பக்கத்தில் நான் இருந்தேன்.