சுத்திகரிப்பு நிலையமும் வற்றிய ஆறும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று பேச்செடுத்தாலே, நாளொன்றுக்கு எத்தனை கோடி லிட்டர் கொள்ளளவு என்பதில் தொடங்கி அதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த நீரை வாங்கிக்கொள்ளும் ஆற்றில் கோடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கேட்பவர்கள் அரிது. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆற்றுக்கு உண்மையான ஆபத்து ஆக்சிஜன் பற்றாக்குறையில் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 9 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குப் பெரும்பாலும் 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது, பி.ஓ.டி. என்று சொல்லப்படும் அளவு இதுதான். கழிவுநீர் நேரே ஆற்றில் விழுந்தால், அந்த ஆக்சிஜன் மீன்களின் பங்கிலிருந்து போகும். அதே நுண்ணுயிரிகளைக் காற்றூட்டும் தொட்டியில் வளர்த்து, அந்த வேலையை ஆற்றுக்கு வெளியிலேயே முடித்துவிடும் முறையை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற வேதியியலாளர்கள் இருவரும் அறிவித்தார்கள். இன்றும் பெரும்பாலான நகரங்கள் நம்பியிருப்பது அதன் வழிவந்த முறைகளைத்தான்.

அந்தத் தொட்டி நலமாக இருக்கிறதா என்று அறிய, அதிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து அளவுக் குடுவையில் அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தாலே போதும்: பழுப்பு நிறக் கசடு திரண்டு அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். தொட்டிக்குக் காற்றூட்டும் இயந்திரங்களான ப்ளோயர்களைப் பல மணி நேரம் நிறுத்திவிட்டால் அதே கசடு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசத் தொடங்கும். நிலையத்தின் மின்செலவில் ஏறக்குறைய பாதியை விழுங்குவது ப்ளோயர்தான் என்பதால், சிக்கனம் பிடிக்க நினைப்பவர்களின் கை முதலில் அங்கேதான் போகிறது.

கழிவுநீர் அகற்றலை ஆராய்ந்த பிரிட்டிஷ் அரச ஆணையம், 1912-இல், பல நாடுகளின் விதிகளுக்கு முன்மாதிரியாக, வெளியேறும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம் என்று வரம்பு வகுத்தபோது, ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீர் கலக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டது. பி.ஓ.டி. 2 மில்லிகிராம் உள்ள ஆற்று நீர் எட்டுப் பங்குடன் இந்த நீர் ஒரு பங்கு சேர்ந்தால், கலவை 4-இல் நிற்கும். ஆறு வற்றி இரண்டும் சரிபாதியானால் அது 11 ஆகிவிடும், நிலையம் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாலும். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையைக் கைவிட்ட விதிகள் எத்தனையோ.

சுத்திகரித்தபின் கண்ணாடிக் குவளையில் பளிச்சென்று தெரியும் நீரும் நம்பத்தக்கதன்று. அதில் எஞ்சிய அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. மேலும் ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனும் நைட்ரேட்டாக மாற 4.5 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும்.

ஆகவே வரம்புகளை அந்தந்த ஆற்றின் கோடைகால நீரோட்டத்தை வைத்தே வகுக்க வேண்டும். நிலையத்தின் நீர் ஆற்றில் விழும் குழாய்க்கு மேல்நீரோட்டத்திலும் கீழ்நீரோட்டத்திலும் ஆற்று நீரில் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் அளந்து, அந்த அளவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். அளப்பது விடியலுக்குச் சற்று முன் நடக்கட்டும். இரவெல்லாம் பாசிகளும் சுவாசித்து, ஆற்றில் ஆக்சிஜன் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும் நேரம் அது.