சொல்வழி கேளாத கால்கள்

கடந்த ஆவணி மாதம் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு, கெட்டிமேளத்துக்காக எல்லோரும் எழுந்து நின்ற நேரத்தில், 5 வயதான என் மகன் என் கையை உதறிவிட்டு மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடத் தொடங்கினான். கதிரைகளுக்கிடையில் புகுந்து, பந்திக்கு அடுக்கி வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களைத் தட்டிவிட்டு, மறித்துப் பிடித்த என் மச்சானின் கையைக் கடித்து, மணவறைக்கு முன்னாலிருந்த நிறைகுடத்தையும் சரித்த பிறகுதான் அவனை என்னால் தூக்க முடிந்தது. தூக்கிய பின்னும் அவனுடைய கால்கள் என் வயிற்றில் உதைத்துக்கொண்டே இருந்தன. வாசலருகே இருந்த பெரியம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "வளர்ப்புச் சரியில்ல. நாலு அடி போட்டு வளத்திருந்தா இப்படி ஆடுவானா?" என்று சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. என் மனைவி அன்று பந்தியில் அமரவில்லை.

அந்தப் பெரியம்மா மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் சொன்னது பிழை. அந்தப் பிழையை நானும் இரண்டு வருடங்கள் நம்பி, அதன்படி நடந்து, என் பிள்ளையை நோகடித்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் குழப்படி என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறோம். குழப்படி செய்யும் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டே செய்யும். நீங்கள் முறைத்தால் ஒரு கணமாவது நிற்கும். கேட்டது கிடைத்தால் அடங்கும். என் மகனுக்கு வருவது அதுவல்ல. பெரும்பாலும் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் அது தொடங்கும். முதலில் வாயால் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவான். பிறகு விறாந்தையிலிருந்து குசினி வரைக்கும் ஓட்டம், சுவரில் மோதித் திரும்புதல், கையில் அகப்பட்டதை எறிதல். நெற்றி மயிர் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். கண்கள் திறந்திருக்கும், ஆனால் என்னைப் பார்க்கமாட்டா. அவனுக்கு மிகப் பிடித்த இனிப்பை நீட்டினாலும் அதையும் தட்டிவிட்டு ஓடுவான். இருபது நிமிடமோ நாற்பது நிமிடமோ போன பின்பு, சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்பான்.

அவனுக்கு 3 வயதாக இருந்தபோது இது தொடங்கியது. முதலில் அதட்டினேன். பிறகு பூவரசங்கம்பு முறித்தேன். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியும் பார்த்தேன். அடித்த ஒவ்வொரு முறையும் அது இன்னும் நீண்டதே தவிர ஒரு நாளும் குறையவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தும், அடிக்காமல் விட்டால் நான் தகப்பன் இல்லை என்பது போன்ற எண்ணம் என்னை விடவில்லை. ஒரு நாள் எல்லாம் அடங்கிய பிறகு, கெண்டைக்காலில் இருந்த தழும்பைத் தன் விரலால் தடவிக்கொண்டே அவன் சொன்னான்: "நான் நிப்பாட்டத்தான் பாக்கன் அப்பா. கால்தான் சொல்வழி கேக்குதில்ல." பிள்ளை சொல்வழி கேட்கிறானில்லை என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்துகொண்டிருந்தோம். அவனோ தன் கால் தன்னுடைய சொல்லைக் கேட்பதில்லை என்று சொல்கிறான். அன்றைக்குக் கம்பை எரித்தேன்.

என் அம்மா அவனை, மந்திரம் ஓதிப் பார்வை பார்க்கும் ஒரு மூதாட்டியிடம் கொண்டுபோய் நூல் கட்டினார். அதை நான் இழிவாகச் சொல்லமாட்டேன். அந்த மூதாட்டி அவனை மடியில் இருத்தி, முதுகைத் தடவியபடி, ஒரே தாளத்தில் மெதுவாக ஓதியபோது அவன் உண்மையாகவே அமைதியானான். தாழ்ந்த குரலும் சீரான தொடுகையும் ஒரு பிள்ளையை எப்படி அடக்கும் என்பதை முதன்முதலில் நான் கண்டது அங்கேதான். ஆனால் நூல் கட்டியாயிற்று என்ற நிம்மதியில் ஏழெட்டு மாதங்களை வீணாக்கிவிட்டோம். அந்த மாதங்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

பிறகுதான் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, அவருடைய வழிகாட்டலில் சிறுபிள்ளை வைத்தியரிடம் போனோம். அவர் முதலில் எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை. காது கேட்கும் திறனைச் சோதிக்க அனுப்பினார். இரவில் குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழும்புகிறான் என்று துருவித் துருவிக் கேட்டார். இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்த்தார். சரியாகக் கேளாத பிள்ளையும், மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து இரவில் ஒழுங்காகத் தூங்காத பிள்ளையும் பகலில் இதேபோலத் துடியாட்டம் காட்டும் என்று அவர் விளக்கியபோது, அடிப்பதற்கு முன்பு இவற்றில் ஒன்றையாவது நான் யோசித்திருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஏ.டி.எச்.டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடியாட்டமும் சேர்ந்த குறைபாடு, என்ற சொல் இப்போது எல்லோர் வாயிலும் வருகிறது. ஓடியாடும் பிள்ளை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. வைத்தியர்கள் அந்தப் பெயரைச் சொல்வதற்கு, அறிகுறிகள் 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டுமன்றிப் பாடசாலை போன்ற வேறோர் இடத்திலும் தெரிய வேண்டும். என் மகனுக்கு வரும் இந்த வெடிப்புகள் மட்டும் அதற்கு அத்தாட்சியாகா. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், பேச்சுத் தாமதமான பிள்ளைகளுக்கும், வேறு காரணங்களால் கலங்கிய பிள்ளைகளுக்கும் இதுபோல வருவதுண்டு. அதனால் இன்னும் சில காலம் கவனித்துவிட்டே முடிவு சொல்வோம் என்று வைத்தியர் கூறியிருக்கிறார். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

இது கைப்பேசிக் காலத்து நோய் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1902 ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்டில் என்ற சிறுபிள்ளை வைத்தியர், புத்தி நன்றாக இருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி லண்டனில் விரிவுரைகள் ஆற்றினார். 2007 இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு இன்னும் பெரிய விளக்கத்தைத் தந்தது. மூளை மேற்பட்டையின் பாதி இடங்கள் தம் முழுத் தடிப்பை அடையும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஏழரையாக இருக்க, ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகளுக்குப் பத்தரையாக இருந்தது. மிகவும் பிந்தியது, நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் முன்பகுதி. ஆனால் அசைவை இயக்கும் பகுதி மட்டும் அந்தப் பிள்ளைகளில் சற்று முந்தியே முதிர்ந்திருந்தது. என் மகனுக்கு இன்னும் அந்தப் பெயர் வைக்கப்படவில்லை. ஆனாலும் அதை வாசித்தபோது அவன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு சொன்ன வார்த்தைதான் என் காதில் கேட்டது. மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சினைப் பூட்டிவிட்டு பிரேக்கைப் பூட்டாமல் றோட்டில் விட்டால், அதை அடித்து நிறுத்த முடியுமா?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: அந்த நேரத்தில் பிள்ளையைத் திருத்த முடியாது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது, அவனுக்கும் மற்றவர்களுக்கும் காயம் வராமல் பார்ப்பது மட்டுமே. திருத்தும் வேலை முழுவதும் அதற்கு முந்திய மணித்தியாலங்களிலும் பிந்திய மணித்தியாலங்களிலும் இருக்கிறது.

வைத்தியர் சொன்னபடி ஒரு கொப்பி வைத்தோம். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முதல் நாள் இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான், பகல் என்ன சாப்பிட்டான், வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று என் மனைவி எழுதினார். ஆறு கிழமை போனபோது எங்கள் கண்ணுக்குப் புலப்பட்டது இனிப்பு அல்ல, தூக்கம். நானோ இனிப்பைத்தான் சந்தேகித்திருந்தேன். சீனி பிள்ளைகளைத் துடியாட்டமாக்கும் என்ற நம்பிக்கையை 1990களில் நடந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். சில செயற்கை நிறங்களின் கதை வேறு. அவை சில பிள்ளைகளின் துடிப்பைக் கூட்டலாம் என்று 2007 இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டிய பிறகு, ஆறு நிறங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அதனால் கலர் சோடாவை வீட்டில் நிறுத்திவிட்டோம். ஆனால் எங்கள் வீட்டில் உண்மையான வித்தியாசத்தை ஏற்படுத்தியது, இரவு 8 மணிக்கு விளக்கணைத்ததுதான். 3 முதல் 5 வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். நாங்கள் அவனை எங்களோடு 10 மணி வரை விழிக்க வைத்திருந்தோம்.

இரண்டாவது, ஓட விட்டது. பின்னேரம் 4 மணிக்கே அவனைக் கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறேன். 5 மணிக்குப் பிறகு சனம் கூடிவிடும். கச்சான் வண்டிகளும் பட்டங்களும் சத்தமுமாக அவனுக்கு எல்லாம் மிஞ்சிப்போகும். 4 மணிக்கு மணல் இன்னும் சுடும், ஆனால் ஈர மணலில் ஓடலாம். உடைந்த போத்தல் துண்டுகள் கிடக்கின்றனவா என்று முதலில் நான் நடந்து பார்த்துவிட்டு அவனை விடுவேன். ஈர மணல் காலைப் பிடித்து இழுக்கும். பாதம் புதையப் புதைய ஓடி வரும்போது, வீட்டின் சீமெந்துத் தரை தராத ஏதோ ஒன்றை அது அவன் கால்களுக்குத் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாளியில் ஈர மணலை நிரப்பி அந்தத் தென்னை வரை தூக்கிக்கொண்டு போ என்பேன். பாரம் சுமப்பது அவனை அமைதிப்படுத்துகிறது.

அந்த நேரம் வந்துவிட்டால், நான் முதலில் என் குரலைத்தான் தாழ்த்துகிறேன். கண்ணாடிப் பொருட்களை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, அவனுடைய தங்கச்சியை மற்ற அறைக்கு அனுப்பிவிட்டு, தரையில் இருந்துகொள்வேன். உயரமாக நின்று பார்க்கும்போது அவன் இன்னும் மிரளுகிறான். "அப்பா இங்கதான் இருக்கன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. கேள்வி கேட்பதில்லை, ஏன் செய்கிறாய் என்று விசாரிப்பதில்லை. றோட்டுப் பக்கம் ஓடினால் மட்டும் பிடிப்பேன். முடிந்த பிறகு தண்ணீர், ஈரத் துணி, கொஞ்ச நேர மௌனம். புத்தி சொல்வதெல்லாம் அடுத்த நாள் காலையில், அதுவும் இரண்டு வசனம். அவன் தட்டிவிட்டதை அவனும் நானும் சேர்ந்து பொறுக்கி வைப்போம்.

கைப்பேசியைக் கையில் கொடுத்தால் உடனே அடங்குகிறானே என்று பலரும் சொல்கிறார்கள். நாங்களும் கொடுத்தோம். அடங்கினான், திரும்ப வாங்கியபோது வந்தது அதைவிடப் பெரிதாக இருந்தது. தனியே பிள்ளையோடு இருக்கும் தாய் ஒருவர் சோறு வடிக்கும் பத்து நிமிடத்துக்கு அதைக் கொடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். அதையே மருந்தாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முன்பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. முதலில் சேர்த்த இடத்தில், கலைவிழா முடியும் வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றார்கள். நாலு வயதுப் பிள்ளை அசையாமல் இருந்து உறுப்பெழுத்து எழுதுவதுதான் நல்ல முன்பள்ளி என்று பெற்றோராகிய நாங்கள் நம்புவதால், ஆசிரியைமாரும் அதையே செய்து காட்ட வேண்டியிருக்கிறது. இப்போது போகும் இடத்தின் ஆசிரியை, கதை நேரம் தொடங்குவதற்கு முன்பு எல்லாப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களையும் கூடையோடு தூக்கிவந்து வைக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறார். அவர் எங்கே படித்தாரோ தெரியாது, ஆனால் கூடையைச் சுமந்துவிட்டு வந்தவன் கதை முடியும் வரை இருக்கிறான்.

எங்கள் மூத்தவர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள் என்பதையும் நான் யோசித்திருக்கிறேன். 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது எனக்கு 3 வயது. மரமுந்திரிக் காட்டுக்குள் ஒளிந்திருந்த இரவில், நான் அழுதுவிடக்கூடாது என்று தன் சேலைத் தலைப்பால் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறார். சத்தம் போடாத பிள்ளை உயிரோடு இருக்கும், சத்தம் போடும் பிள்ளையால் எல்லோருக்கும் ஆபத்து என்று கற்றுக்கொண்ட தலைமுறை அது. அவர்களுடைய "சத்தம் போடாத" என்ற வார்த்தைக்குள் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்ட பிறகு அம்மாவோடு சண்டை பிடிப்பதை நிறுத்தினேன். இப்போது என் மகன் ஓடத் தொடங்கினால் அம்மா கதவைச் சாத்துவதில்லை. முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஓடு மனே, பெத்தம்மா பாத்துக்கொண்டு இருக்கன்" என்கிறார்.

மருந்து பற்றிப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி உள்ள, 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் மருந்தல்ல, பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதே முதல் சிகிச்சை என்று அமெரிக்கச் சிறுபிள்ளை வைத்தியர் கழகத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அதன் பின்பு நிபுணர் மருந்து வேண்டும் என்று சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. கண்ணாடி போட்டால் பிள்ளைக்குப் பார்வை கெட்டுவிடும் என்று நாங்கள் சொல்வதில்லையே. அரசாங்க வைத்தியசாலையில் காட்டுவதற்குக் காசு தேவையில்லை. பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முதலில் பேசினாலே வழி காட்டுவார்கள். பைத்தியம் என்று ஊர் சொல்லிவிடும் என்று பயந்து ஒளித்து வைப்பதுதான் பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

கடந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் கிணற்றடியில் நின்றபோது அவன் ஓடி வந்து, "அப்பா, கால் துடங்கப் போகுது" என்றான். தொடங்குவதற்கு முன்பே அவன் வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. வாளியை விட்டுவிட்டு இருவரும் முற்றத்துக்குப் போனோம். 6.10 முதல் 6.19 வரை, காயம் எதுவுமில்லை என்று என் மனைவி கொப்பியில் எழுதினார். சனிக்கிழமை விருந்தினர் வந்திருந்தார்கள். அன்று மீண்டும் நாற்பது நிமிடம் நீடித்தது. அதையும் எழுதியிருக்கிறோம். அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் இரண்டு நாட்களையும் காட்ட வேண்டும்.